நம்மிடம் வாங்குவது யார்?

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கலந்துரையாடலில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை மாலை. வீட்டில் துணி கிடக்கிறது, பிள்ளைகளின் பள்ளிச் சட்டையைத் தேய்க்க வேண்டும், நாளைக்கு அதிகாலை ஷிப்டு. அத்தனையையும் விட்டுவிட்டு கிள்ளானிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன்.

இன்று நான் கோயில் பிரச்சனை பேசப் போவதில்லை. பள்ளிக்கூடப் பிரச்சனையும் இல்லை. சவர்க்காரம், மரப் பலகை, சீருடை, கேன்டீன் சாப்பாடு, புல் வெட்டுவது, இதைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு பெரிய நிறுவனம் தனக்கு வேண்டிய சாமானையும் சேவையையும் யாரிடம் வாங்குகிறது? அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோமா? இதுதான் விஷயம். வெளிநாட்டில் இதற்கு சப்ளையர் பன்முகத்தன்மை என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, கேள்வி ஒன்றுதான்: ஆர்டர் யாருக்குப் போகிறது?

முதலில் என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். கிள்ளானில் ஓர் அண்ணன். வயது ஐம்பதுக்கு மேல். துறைமுகம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். தொழிற்சாலைகளில் சாமான் அடுக்க மரத்தட்டு வைப்பார்களே, பேலட், அதைச் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். அவரும் அவர் மகனும் இரண்டு வேலையாட்களும். ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பதினான்கு ஆண்டுகள் அவருடைய பேலட்தான் போனது. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு இப்படி ஒரு மனிதர் இருப்பதே தெரியாது!

எப்படி என்று கேட்கிறீர்களா? தொழிற்சாலையின் பட்டியலில் இருந்தது வேறொரு கம்பெனி. அந்தக் கம்பெனி இன்னொரு ஆளுக்குக் கொடுத்தது. அந்த ஆள்தான் அண்ணனுக்குக் கொடுத்தார். தொழிற்சாலை கொடுத்த விலை ஒன்று, அண்ணன் கைக்கு வந்தது அதில் பாதிக்குச் சற்று மேல். அதையும் அவர் பெரிதாக நினைக்கவில்லை. "வேலை ஓடுதுல்ல, போதும்" என்று இருந்தார். ஒரு நாள் நடுவிலிருந்த ஆள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். ஐந்து மாதப் பணம் பாக்கி. அண்ணி தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. அண்ணன் என் அலுவலகத்துக்கு ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே முழுக்க டெலிவரி சீட்டு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எங்கே என்றேன். "ஒப்பந்தமா? அவரு நம்ம ஆளுங்க, வாய் வார்த்தைதான்" என்றார்.

அந்த மைலோ டின்னைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் அல்ல. நம் வரலாறு மேல்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் என்று ஏன் பெயர்? 1881-இல் கோலாலம்பூர் தீயில் எரிந்தது, அதே ஆண்டு வெள்ளமும் அடித்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி அத்தாப்புக் குடிசை வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று உத்தரவு போட்டார். ஊருக்கே செங்கல் தேவைப்பட்டது. காப்பித்தான் யாப் ஆ லோய் இந்தப் பக்கம் நிலம் வாங்கிச் சூளைத் தொழிலுக்கு வழி செய்தார். ஒரு அரசு உத்தரவு, ஒரு பெரிய தேவை, அதற்கு சப்ளை செய்யும் வாய்ப்பைப் பெற்றவர்கள் யார் என்ற கேள்வி. நகரம் அப்படித்தான் வளர்ந்தது, சொத்தும் அப்படித்தான் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? தண்டவாளத்தில், ரோட்டில், பிறகு ரப்பர் காட்டில். கங்காணி முறை உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போய் ஆள் பிடித்து வந்தால் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கூலி. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை அது நடந்தது. அதாவது, சப்ளை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நம்மையே சப்ளை செய்தார்கள்! நாம் சரக்காக இருந்தோம், சப்ளையராக இருக்கவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். ஒரு பெரிய நிறுவனம் எப்படி வாங்குகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஏனென்றால் இங்கேதான் கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

பெரிய நிறுவனத்தில் கொள்முதல் இலாகா என்று ஒன்று இருக்கும். அவர்களிடம் பதிவு பெற்ற வெண்டர் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாதவரிடம் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். பட்டியலில் சேர எஸ்.எஸ்.எம். பதிவு வேண்டும். பல இடங்களில் தனி ஆள் வணிகமாக இருந்தால் போதாது, சென்டிரியான் பெர்ஹாட் வேண்டும் என்பார்கள். செலுத்திய மூலதனம் இவ்வளவு, இரண்டு மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, ஊழியர் சேமநிதி, சொக்சோ கட்டிய சான்று, காப்புறுதி, சில வேலைகளுக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ். இதற்குமேல் "இதேபோன்ற வேலையை முன்பு செய்த அனுபவம்" என்று ஒரு வரி இருக்கும். நம் அண்ணனுக்குப் பதினான்கு ஆண்டு அனுபவம். ஆனால் காகிதத்தில் அது இன்னொருவருடைய அனுபவம்! அவர் வியர்வை வேறொருவர் கம்பெனியின் புரொபைலில் அச்சாகி இருக்கிறது.

அடுத்தது, வேலையின் அளவு. முன்பெல்லாம் ஒவ்வொரு தொழிற்சாலையும் புல் வெட்ட ஒருவர், குப்பை எடுக்க ஒருவர், கழுவித் துடைக்க ஒருவர் என்று தனித்தனியாகக் கொடுத்தது. இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, பத்து கிளைகளுக்கும் சேர்த்து ஒரே டெண்டராக விடுகிறார்கள். நிறுவனத்துக்குத் தலைவலி குறைவு, உண்மைதான். ஆனால் அப்படிக் கட்டிய மூட்டையை ஒரு லோரியும் நான்கு ஆளும் வைத்திருப்பவரால் தூக்க முடியுமா? முடியாது. எனவே பெரிய குத்தகையாளர் எடுப்பார், அவர் கீழே உடைத்துக் கொடுப்பார், அவர் இன்னும் கீழே கொடுப்பார். கடைசியில் புல் வெட்டுவது அதே ஆள்தான். கூலிதான் இறங்கிக்கொண்டே வருகிறது.

மூன்றாவது, பணம். இன்வாய்ஸ் கொடுத்த அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத்தான் காசு. சில சமயம் அதற்கும் மேல். பெரிய கம்பெனிக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. சின்னவருக்கு? ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள் வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், மரம் வாங்க ரொக்கம் வேண்டும். வங்கி கடன் தராது. ஆலோங்கிடம் போகிறார்கள். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. சிவப்புப் பெயிண்ட் ஊற்றிய கேட்டுகளை நம் தாமான்களில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதில் சில சூதாடியவன் வீடு. சில, பெரிய நிறுவனத்தின் பணத்துக்குக் காத்திருந்தவன் வீடு.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியிடம் ஒருமுறை இதைப் பேசினேன். நல்ல மனிதர். மரியாதையாகக் காப்பி கொடுத்தார். "நாங்கள் இனம் பார்ப்பதில்லை, விலையும் தரமும்தான்" என்றார். நான் கேட்டேன்: "உங்கள் பட்டியலில் எத்தனை பூமிபுத்ரா வெண்டர்?" உடனே எண்ணைச் சொன்னார். விழுக்காட்டோடு சொன்னார். "எத்தனை இந்திய வெண்டர்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை நாங்கள் எண்ணுவதில்லை" என்றார். இனம் பார்ப்பதில்லை என்பது உண்மையல்ல. நம்மை மட்டும் பார்ப்பதில்லை!

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளியே போய் இவர் பூமிபுத்ரா சலுகைக்கு எதிராகப் பேசினார் என்று யாரும் சொல்லக்கூடாது. கம்பத்திலிருந்து வந்த ஏழை மலாய்க்காரப் பையன் ஒரு வெண்டராக வளர்ந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதில் இரண்டு முனை இருந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது ஒன்று, இனத்தையும் தொழிலையும் ஒட்டிவைத்த நிலையை மாற்றுவது இன்னொன்று. கொள்கையில் தவறில்லை. செயலில், 30 விழுக்காட்டுப் பங்குடைமை என்ற இலக்கு மட்டும் எல்லோர் நினைவிலும் நின்றது. நம் பங்குடைமை 1970-இல் அரசாங்கக் கணக்குப்படி 1.1 விழுக்காடு. 2004-இல் 1.2 விழுக்காடு. முப்பத்து நான்கு ஆண்டுகளில் பத்தில் ஒரு புள்ளி! 2020-க்குள் 3 விழுக்காடு என்று ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் எழுதினார்கள். 2020 வந்தது, போனது.

பங்குடைமை பற்றி நான் அதிகம் அழ மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் பங்கு எங்கே இருக்கிறது? மைக்கா ஹோல்டிங்ஸ் கதை இங்கே பலருக்கு வீட்டுக் கதை. 1982-இல் தொடங்கியபோது தோட்டத்து அம்மாக்கள் நகையை விற்றுப் பங்கு வாங்கினார்கள். அது போதும். நான் பேசுவது ஆர்டரைப் பற்றி. ஆர்டர் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் பையன் பட்டறையில் நிற்பான், தெருமுனையில் நிற்க மாட்டான்.

ஆர்டர் கொடுத்து வணிகரை வளர்க்க முடியும் என்பதை இந்த நாடே செய்து காட்டியிருக்கிறது. 1983-இல் புரோட்டோன் உருவானது. 1988-இல் அதை நங்கூர நிறுவனமாக வைத்து வெண்டர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கினார்கள். காருக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைச் செய்ய பூமிபுத்ரா சிறு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, தொழில்நுட்பம் கொடுத்து, கடனுக்கு வழி செய்து, வாங்குவதற்கு உறுதியும் கொடுத்தார்கள். பெட்ரோனாஸ் 1993-இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. 2006-இல் அரசு தொடர்புடைய நிறுவனங்களுக்குக் கொள்முதல் வழிகாட்டியாக ஒரு சிவப்பு நூலே வெளியிட்டார்கள். எல்லாம் வெற்றியா என்றால் இல்லை, பல வெண்டர்கள் ஊன்றுகோலை விடவே இல்லை. ஆனாலும் பாடம் என்ன? சப்ளையர் தானாக முளைப்பதில்லை. வாங்குபவர் மனம் வைத்தால் உருவாகிறார். சீன வணிகர்களுக்கு இந்தத் திட்டம் கிடைக்கவில்லை என்றாலும் அவர்களுக்கென்று சங்கம், கடன், பழக்கம் எல்லாம் இருந்தன. கோலாலம்பூர் சிலாங்கூர் சீன வர்த்தக சபை 1904-லிருந்து இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது நம்மவர்.

சட்டம் என்ன சொல்கிறது? வழக்கறிஞர் வந்துவிட்டுச் சட்டம் பேசாமல் போனால் நன்றாக இருக்காது. கூட்டரசு அரசியல் சாசனத்தின் 153-ஆவது விதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதன் ஒன்பதாவது உட்பிரிவைப் படித்தவர்கள் குறைவு. 153(9) என்ன சொல்கிறது தெரியுமா? மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் ஒதுக்குவதற்காக மட்டும் வணிகத்தையோ தொழிலையோ கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு இந்த விதி அதிகாரம் தரவில்லை என்கிறது. ஒரு தனியார் நிறுவனம் இந்திய வெண்டருக்கு வாய்ப்புக் கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது வெறும் பழக்கம், பயம், சோம்பல்.

ஆனால் மறுபக்கமும் கேளுங்கள். எட்டாவது விதி சமத்துவம் பேசுகிறதே, அதை வைத்து ஒரு தனியார் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா? கடினம். மலேசிய விமான நிறுவனத்துக்கு எதிராக பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில், கர்ப்பமானதால் வேலை போன வழக்கு அது, கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் சொன்னது இதுதான்: அடிப்படை உரிமைகள் அரசாங்கத்தின் அத்துமீறலுக்கு எதிரானவை, தனியாருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. இருந்தாலும் அதுதான் நிலை. 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய அரசாங்கக் கொள்முதல் மசோதாவும் அரசாங்கம் வாங்குவதைப் பற்றியதுதான். ஆக, தனியார் நிறுவனத்தின் கதவை நீதிமன்றம் திறக்காது. நாம்தான் போய்த் தட்ட வேண்டும்.

தட்டித் திறந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் 1962-இல் அட்லாண்டாவில் ஆப்பரேஷன் பிரெட்பாஸ்கெட் என்று ஒரு வேலையைத் தொடங்கியது. ரொட்டிக் கூடை! 1966-இல் சிகாகோவுக்குப் போனது, அங்கே ஜெஸ்ஸி ஜாக்சன் தலைமை தாங்கினார். அவர்கள் முதலில் கேட்டது பணம் இல்லை, வேலையும் இல்லை. கணக்கு! கறுப்பினக் குடியிருப்புகளில் கடை போட்டிருந்த சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களிடம், உங்களிடம் எத்தனை கறுப்பினத்தவர் வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம் என்று பாதிரிமார்கள் குழுவாகப் போய்க் கேட்டார்கள். கணக்குக் கிடைத்ததும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முறிந்தால் ஞாயிறு வழிபாட்டில், இந்தக் கடையில் வாங்காதீர்கள் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான். நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு வந்தன. அந்த ஒப்பந்தத்தில் வேலை மட்டுமா இருந்தது? கறுப்பினத்தவர் தயாரித்த பொருளை அலமாரியில் வைக்க வேண்டும், குப்பை அள்ளுவதையும் பூச்சி மருந்து அடிப்பதையும் கறுப்பினத்தவர் நிறுவனங்களிடம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வாங்கினார்கள். குப்பையும் பூச்சி மருந்தும்! நம் ஆட்கள் இங்கே செய்கிற அதே தொழில்.

1967-இல் டெட்ராய்ட் நகரம் பற்றி எரிந்தது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் சிறுபான்மை சப்ளையர் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அரசாங்கமும் அந்த வழிக்கு வந்தது. அன்பினால் வந்ததல்ல அது. அதனால்தான் அழுத்தம் குறையும்போது போகவும் செய்கிறது. 2025 ஜனவரி 21-இல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, அரசாங்கக் குத்தகையாளர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1965-லிருந்து இருந்த உத்தரவையே நீக்கியது. நேற்றுவரை தன் இணையப் பக்கத்தில் பன்முகத்தன்மை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த நிறுவனங்கள் சில அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டன. நல்ல மனசை நம்பி வாங்கியது நல்ல மனசோடு போய்விடும். எழுதி வாங்க வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை தென்னாப்பிரிக்கா. அங்கே டர்பனில் நம்மைப்போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்கள். வெள்ளையர் ஆட்சி முடிந்து, பெரும்பான்மை ஆப்பிரிக்க மக்கள் ஆட்சிக்கு வந்தார்கள். பெரும்பான்மை இனத்தை உயர்த்தும் கொள்கை அங்கேயும் உண்டு. 2003-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். கறுப்பினத்தவருக்குப் பொருளாதார அதிகாரம் கொடுக்கும் சட்டம் அது. நிறுவனம் யாரிடம் வாங்குகிறது என்பதற்கு அங்கே மதிப்பெண் உண்டு. அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்றால் யார்? ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், மூவரும்! ஒடுக்கப்பட்டவர்கள் என்ற ஒரே பெயரில் நம் ஆட்களையும் சேர்த்தார்கள். அங்கேயும் சண்டை சச்சரவு இல்லாமல் இல்லை. ஆனாலும் சட்டத்தில் பெயர் இருக்கிறது.

அந்த நாட்டில் இன்னொன்றும் செய்தார்கள். பெயருக்கு ஒருவரைப் பங்காளியாகக் காட்டி, பின்னால் வேறொருவர் வணிகம் நடத்துவதை 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குற்றமாக்கினார்கள். பத்து ஆண்டு வரை சிறை. இங்கே அதற்கு நாம் வைத்த செல்லப் பெயர் அலிபாபா. சிரிக்கிறீர்கள். இந்த மண்டபத்திலேயே இரண்டு மூன்று பேர் பாபாவாக இருக்கலாம்! லைசன்ஸ் ஒருவர் பெயரில், உழைப்பு உங்களுடையது, கமிஷன் அவருக்கு. நாளைக்கு அவர் மனம் மாறினால் உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. நான் குறை சொல்லவில்லை, வேறு வழி இல்லாமல்தான் போனீர்கள். ஆனால் இதனால் ஏழை மலாய்க்காரருக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. நடுவில் இருப்பவர் வீடு கட்டுகிறார்.

சரி, போய் என்ன கேட்பது? நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் உள்ளூர் சப்ளையருக்கு எத்தனை விழுக்காடு செலவழித்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது 2022-இல் புர்சா மலேசியா கொண்டுவந்த விதி. 2023 கடைசியில் முடியும் நிதியாண்டிலிருந்து பெரிய சந்தை நிறுவனங்கள் அதைப் போட வேண்டும். உள்ளூர் என்றால் உள்ளே யார்? அந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கூட எழுந்து கேட்கலாம். செலவு அதிகமில்லை.

இரண்டாவது, மூட்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். பத்து கிளைக்கும் ஒரே டெண்டர் வேண்டாம், கிள்ளான் கிளைக்குத் தனியாக விடுங்கள். சின்ன வேலைக்கு மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு எதற்கு? கீழ்நிலைக் குத்தகையாளராகச் செய்த வேலையையும் அனுபவமாக ஏற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக முப்பது நாளில் பணம். இந்த ஒன்றைச் செய்தால் மலாய், சீன, இந்தியச் சிறு வணிகர் மூவருக்கும் நன்மை. நம் கோரிக்கைக்கு மற்றவரும் கை கொடுப்பார்கள். தனியாக நின்று கத்துவதைவிட அது மேல்.

அடுத்ததைச் சொன்னால் சில முதலாளி அண்ணன்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இந்திய வெண்டர் வந்துவிட்டார், சரி. அவரிடம் வேலை செய்கிற நம் அம்மாவின் நிலை என்ன? மருத்துவமனைத் துப்புரவு 1997-லிருந்து தனியார் குத்தகையில் இருக்கிறது. பள்ளிக்கூடத் துப்புரவும் பாதுகாவலர் வேலையும் குத்தகைதான். இதில் எத்தனை தமிழ்ப் பெண்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குத்தகையாளர் மாறினால் பதினைந்து ஆண்டு சர்வீஸ் பூஜ்யமாகிறது. விடுமுறை எட்டு நாளுக்குத் திரும்புகிறது. அதே பக்கெட், அதே வராண்டா, புது ஊழியர்! குத்தகை ஒரு தமிழருக்குப் போய், அவரும் இதையே செய்தால், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டையும் பிடித்துப் பிடித்துக் கொடுத்தால், அந்த ஆர்டருக்காக நான் தட்ட மாட்டேன். நிறுவனத்திடம் நாம் கேட்கும் பட்டியலில் இதுவும் இருக்க வேண்டும்: குத்தகையாளர் மாறினாலும் தொழிலாளியின் சர்வீஸ் தொடர வேண்டும்.

தாய்மார்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு. ஒரு நிறுவனம் தன் தொழிலுக்காக வேலையைக் குத்தகைக்கு விட்டு, குத்தகையாளர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால், அந்த நிறுவனத்தையும் கேட்கலாம். அதிகபட்சம் தொடர்ந்த மூன்று மாதச் சம்பளம். சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் வழக்குப் பதிய வேண்டும். கட்டட வேலைக்கு விதி கொஞ்சம் வேறு, அதை நேரில் கேளுங்கள். தொண்ணூறு நாள் போய்விட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் பலர். அதனால்தான் சொல்கிறேன்.

கட்டுமான வேலை எடுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2012-இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. சிப்பா என்பார்கள். மேலே உள்ளவர் எனக்குக் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன் என்ற ஷரத்து அந்தச் சட்டத்தில் செல்லாது. நீதிமன்றம் போகாமலே நடுவர் முன் போய்ப் பணம் கேட்கலாம். ஆனால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். வாய் வார்த்தைக்கு அந்தச் சட்டம் இல்லை.

ஆகவே நம் பக்கமும் வேலை இருக்கிறது. காகிதம்! பத்து பேருக்கு வேலை கொடுத்தும் எஸ்.எஸ்.எம். பதிவு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு மனைவி பெயரில், லோரி மச்சான் பெயரில், பெர்மிட் யாரோ பெயரில். 2024 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இனி காகித பில்லைத் திரும்பிப் பார்க்காது. தனியாக முடியாதவர்கள் சேர்ந்து செய்யலாம். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் யார்? பால் மரம் வெட்டியவர்கள். சிறுகச் சிறுகக் கட்டி, வெள்ளைக்காரன் விற்ற தோட்டத்தையே வாங்கினார்கள். நான்கு புல்வெட்டு அண்ணன்கள் சேர்ந்து ஒரு டெண்டர் போட முடியாதா? முடியும். யார் பெயர் முதலில் என்ற சண்டை மட்டும் வரக்கூடாது!

மைலோ டின் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேலட் வேலை கட்டுமானம் அல்ல, சிப்பா உதவாது. அந்தச் சீட்டுகளை வைத்து வழக்குப் போட்டோம். பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. மீதி வராது, அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சீட்டுகள் வேறொன்றுக்கு உதவின. தேதி வாரியாக அடுக்கி, பதினான்கு ஆண்டு சப்ளை செய்தவர் இவர்தான் என்று வேறொரு தொழிற்சாலையிடம் காட்டினோம். மகன் பெயரில் கம்பெனி பதிந்தோம். முதல் தடவை நிராகரித்தார்கள். இரண்டாவது தடவை பழுது பார்க்கும் வேலையை மட்டும் கொடுத்தார்கள், புதுப் பேலட் இல்லை. நாற்பத்தைந்து நாளில் பணம். அண்ணி ஒரு வளையலை மீட்டுவிட்டார், மற்றவை இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். பதிவு, இன்வாய்ஸ், பாக்கி வசூல், சம்பளப் பிரச்சனை எதுவானாலும் கொண்டுவாருங்கள். கட்டணம் இல்லை. டின்னில் இருந்தாலும் சரி, பிளாஸ்டிக் பையில் இருந்தாலும் சரி, சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இப்போது கேள்விகள். பின்வரிசையில் அந்த அக்கா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார், முதலில் அவர் பேசட்டும்.